இரவல் வெயில்

மயிலப்பொத்தையில் சாரல் பிடித்து, வெயில் என்று ஒன்று உண்டு என்பதையே ஊர் பாதி மறந்திருந்த ஆனி மாதத்தில், கிளை நூலகத்துக்கு வந்து இறங்கிய புத்தகப் பெட்டிகளிலிருந்து வெளிச்சம் ஒழுகத் தொடங்கியது. நூலகர் மசூது பெட்டிகளை வாசலில் இறக்கிவைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு பெட்டியின் அடிமூலை கிழிந்து, அந்தக் கிழிசல் வழியாக மஞ்சள் வெயில் சொட்டுச் சொட்டாக இறங்கி, படியில் வழிந்து, தெருவில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு தெருநாய் வயிற்றைக் காட்டி மல்லாந்து கிடந்தது. மசூது நாயை விரட்டினார், பெட்டிகளை உள்ளே இழுத்தார், தரையைத் துணியால் துடைத்தார், துணியில் வெயில் ஒட்டிக்கொண்டு வந்ததால் அதைப் பிழிந்து மூலையில் காயப்போட்டார். அன்று முழுக்க அந்த மூலை வெளிச்சமாக இருந்தது. "பேக்கிங் சரியில்ல," என்று மட்டும் சொன்னார். பேப்பர் படிக்க வந்திருந்தவர்கள் நாற்காலிகளை அந்த மூலைப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

ஊரை விட்டுப் போய், கடல் கடந்து, விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்து, அங்கேயே காலமான ஒருவரின் மனைவி அனுப்பியவை அந்தப் பெட்டிகள். எல்லாமே போட்டோ எடுப்பதைப் பற்றிய புத்தகங்கள். அதுவும் புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்கானவை அல்ல, பல வருஷம் கேமராவோடு மல்லுக்கட்டியவர்கள், வெளிச்சத்தை எங்கே வைப்பது, ஆளை எங்கே நிறுத்துவது, எதைப் படத்துக்கு வெளியே தள்ளுவது என்று மேற்கொண்டு கற்றுக்கொள்வதற்காகப் படிக்கிற கனத்த புத்தகங்கள். மேலிடத்திலிருந்து போனில் சொல்லிவிட்டார்கள்: உங்கள் நூலகத்தில் இடம் கிடையாது, மூன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஆடி பிறப்பதற்குள் வேன் வரும், மற்றதை ஏற்றி அனுப்பிவிடுங்கள். எந்த மூன்று என்று அவர்கள் சொல்லவில்லை. மசூதுக்குத் தன் ஆதார் அட்டைப் படத்தைத் தவிர போட்டோவோடு சம்பந்தம் கிடையாது. ஆகவே அவர் பிரம்மசக்திக்கு ஆள் அனுப்பினார்.

பிரம்மசக்தி எலுமிச்சை மண்டிக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்தாள். சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், சடங்கு, காதுகுத்து, பாஸ்போர்ட் படம் எல்லாம் அவள்தான். அவள் கணவன் முப்புடாதி வேன் ஓட்டுவான், குடைவிளக்கைப் பிடிப்பான், கூட்டத்தில் சிரிக்காதவர்களைச் சிரிக்கவைப்பான். அவள் எடுத்த படங்களில் தலை வெட்டுப்பட்டதில்லை, கண் மூடியதில்லை. ஊருக்கு அது போதுமாயிருந்தது. முகத்துக்கு நேராக ஒரு பிளாஷ், பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கறுத்த முகத்தை எல்லாம் வெளுக்கவைக்கிற வேலை, இவ்வளவுதான் அவள் தொழில். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், அவளும் அதைத்தான் கொடுத்தாள். பெட்டிகள் வந்த அதே வாரத்தில்தான், வைகாசியில் கல்யாணம் முடிந்த கனகமணி தன் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"யக்கா, இத நீங்களே வச்சுக்கோங்க."

"ஏம்மா, பைண்டிங் விட்டுட்டா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரரு இருக்காரு, மாமியா இருக்காவ, ஐயரு இருக்காரு. நான் எங்க இருக்கேன்?"

பிரம்மசக்தி மணமேடைப் படத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இது ஆரோ மைதா மாவுல முங்கி எந்திரிச்ச பொம்பள," என்றாள் கனகமணி. அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் பிரம்மசக்திக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நாளைக்கு என் பிள்ள இது ஆருன்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல?" செருப்பை மாட்டும்போது திரும்பி, "பூங்கனிக்கு மாப்பிள பாக்கோம். ஆவணியில முடிஞ்சாலும் முடியும். தங்கச்சி கல்யாணத்தையும் நீங்கதான் எடுக்கணும்னு அம்மைக்கு ஆசை. அவளை அவளா எடுக்கத் தெரிஞ்சா எடுங்க. இல்லன்னா சொல்லிருங்க, நாங்க தென்காசியில ஆள் பாத்துக்கிடுதோம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சொல் பிரம்மசக்திக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. முப்புடாதி சமாதானம் சொல்லிப் பார்த்தான். "அவ ஒருத்திதானட்டி சொல்லுதா?" என்றான். "சொன்னது ஒருத்தி," என்றாள் அவள், "சொல்லாம ஆல்பத்தைப் பீரோவுல வச்சுப் பூட்டினவ எத்தன பேரோ." மசூது அனுப்பிய ஆள் வந்து கூப்பிட்டபோது கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

புத்தகங்களைத் திறந்து பார்த்தால் மட்டும் போதும், எது எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது. திறந்திருக்கும்வரை அந்தப் பக்கத்துப் படத்தின் வெளிச்சம் அறையில் நிற்கும். மூடினால், சுவிட்சை அணைத்த மின்விசிறி மாதிரி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ஓயும். முதலில் திறந்தது பாலைவனங்களையும் கடற்கரைகளையும் எடுத்த ஒரு புத்தகம். உச்சி வெயில் வாசிப்பறையில் கொட்டியது. பேப்பர் படித்தவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். அடுத்தது பனிமலைகள், எல்லோருக்கும் பல் கிட்டித்தது, ஆனால் வழியோடு போன பூக்காரி உள்ளே வந்து கூடையை அதன் முன்னால் வைத்துவிட்டு, "செத்த நேரம் தொறந்தே இருக்கட்டும், பிச்சி வாடாம நிக்கி," என்று உட்கார்ந்துகொண்டாள். ஒரு புத்தகத்தில் கேமரா எந்திரங்களும் எண்களும் மட்டுமே இருந்தன. அதிலிருந்து தையல்மிஷின் எண்ணெய் வாசனைதான் வந்தது. "இது நமக்குத் தெரிஞ்ச விசயம்," என்று பிரம்மசக்தி அதை அப்பால் வைத்தாள்.

இன்னொரு புத்தகம், படத்துக்குள் எதை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி மட்டும் பேசியது. அதிலிருந்து வெளிச்சம் வரவில்லை. ஆனால் திறந்ததும் பெஞ்சு லேசாக இடப்பக்கம் நகர்ந்தது, குடைகள் ஒரு ஓரமாகப் போய்ச் சாய்ந்தன, சும்மா நின்றிருந்த இரண்டு பேர் காரணம் தெரியாமல் வெளியே போனார்கள், சன்னல் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் திடீரென்று பார்ப்பதற்கு ரொம்ப முக்கியமானவராகத் தெரிந்தார். மார்க்கெட் முக்கில் லோடு ஆட்டோக்களோடு தினமும் தொண்டை கிழியக் கத்துகிற போலீஸ்காரர் இதைக் கேள்விப்பட்டு வந்து, "காலையில ஒரு மணி நேரம் மட்டும் எனக்குத் தாங்க," என்று கெஞ்சினார். குறிப்புதவி நூல்களை வெளியே கொண்டுபோக விதி இல்லை என்றார் மசூது. முக்கைப் பார்த்திருக்கிற சன்னலில் புத்தகத்தைத் தெருப்பக்கமாகத் திறந்துவைப்பது என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து மயிலப்பொத்தை மார்க்கெட்டில் ஆட்டோக்களும் மாட்டுவண்டிகளும் எலுமிச்சை மூட்டைகளும், நடுவில் போகிறவர்களுக்கு அழகாக வழிவிட்டு நின்றன.

இப்படியே ஒவ்வொன்றையும் ஊர் தன் புழக்கத்துக்கு எடுத்துக்கொண்டது. சாரல் மாதங்களில் அப்பளம் காயாமல் பூசணம் பிடித்துப்போவது அப்பளம் போடுகிற பெண்களின் தீராத தலைவலி. அவர்களின் தலைவி சண்முகத்தாய் பாலைவனப் புத்தகத்தை நூலகத்துப் பின்முற்றத்துச் சன்னலில் நிறுத்தி, முற்றம் நிறைய பாய் விரித்து, உளுந்தப்பளத்தையும் கூடவே யாருக்கும் தெரியாமல் தன் வீட்டு மிளகாய் வற்றலையும் காயவைத்தாள். முழங்கால் வலிக்காரர்கள் மத்தியானங்களில் அந்தப் பாயின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஏன் புத்தகத்திலிருந்து வெயில் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஏன் ஏழு மணிக்கு நூலகத்தை மூடுகிறார்கள் என்றுதான் கேட்டார்கள்.

ஆனால் ஊரே மயங்கி விழுந்தது வேறொரு புத்தகத்தில். வழவழப்பான வெள்ளை அட்டை; உள்ளே பெரிய ஸ்டுடியோக்களில் எடுத்த முகங்கள். திறந்தால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி எல்லாப் பக்கமிருந்தும் பால் மாதிரி வெளிச்சம் வந்தது. அதில் நிழலே கிடையாது. பரு மறைந்தது, தழும்பு மறைந்தது, கறுப்பு கோதுமையாயிற்று, கோதுமை சந்தனமாயிற்று. பியூட்டி பார்லர் வைத்திருந்த ரோஸ்லின் கடையைச் சாத்திவிட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்து, "இனி எனக்கு என்ன வேல இருக்கு?" என்று பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாகக் கேட்டாள். இரண்டு வாரத்துக்குள் ஊரில் பெண் பார்க்கிற இடம் நூலகம் என்றாகிவிட்டது. 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள். வாரப் பத்திரிகைகளில் எல்லாம் பஜ்ஜி எண்ணெய் படிந்துபோனதில் மட்டும் மசூதுக்கு வருத்தம். வீட்டுக்குப் போனால் பெண்ணுக்குப் பழைய நிறம் திரும்பிவிடும்தான். என்றாலும் பார்த்தபோது பார்த்த மாதிரி இருந்தாளா இல்லையா என்று பெண் வீட்டார் கேட்டு, வாயை அடைத்துவிடுவார்கள்.

பிரம்மசக்தியும் முதலில் மயங்கத்தான் செய்தாள். இத்தனை வருஷம் கம்ப்யூட்டரில் பாடுபட்டு வரவழைத்ததை இந்தப் புத்தகம் ஒரு பக்கத்தைத் திருப்பியதும் தந்துவிடுகிறது. முப்புடாதியை அதன் முன் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தாள். அவன் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான், மீசையைத் தடவினான், பிறகு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"சக்தி, புருவத்துக்கு மேல தழும்பு இருக்கும்லா, உன்னைப் பாக்க உங்க தெருவுக்கு வந்தப்ப உன் தம்பி கல்லெடுத்து எறிஞ்சது. அது எங்க?"

"மறைஞ்சிட்டு."

"அது எப்படி மறையும்? அது நான் கஷ்டப்பட்டு வாங்கினதுல்லா?"

பிரம்மசக்தி சிரித்தாள். சிரித்து முடித்ததும் அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள். தன் புருஷனைப்போல ஒருவர் அதில் இருந்தார்; ஒரு நல்ல மனிதர்; அவளுக்குப் பழக்கமில்லாதவர்.

மறுநாள் கடைசிப் பெட்டியின் அடியில் கறுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் கிடைத்தது. அவள் அதைத் திறந்ததும் பாதி அறை இருட்டாகிவிட்டது. "ஏய், கரண்டு போச்சு!" என்று பேப்பர் படித்தவர்கள் கத்தினார்கள். அதிலிருந்து ஒழுகியது நிழல். அன்றே அதற்கு இருட்டுப் புத்தகம் என்று பெயர் விழுந்தது, யாரும் அதன் பக்கம் போகவில்லை. அதில் இருந்தவர்கள் ஏதோ தூரதேசத்துக் கறுத்த மனிதர்கள்: மீன் விற்கிற பெண்கள், படகு தள்ளுகிறவர்கள், வாசலில் சாய்ந்து நிற்கிற ஒரு கர்ப்பிணி. பக்கத்துக்குப் பக்கம் நிழல் வந்தது, அந்த நிழலோடு ஏதோ ஒரு பக்கமிருந்து, கதவிடுக்கு வழியாக வருவதுபோல, கொஞ்சமே கொஞ்சம் வெளிச்சமும் வந்தது. பிரம்மசக்தி தன் கையை அதில் நீட்டினாள். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற கையை அப்போதுதான் கண்டாள். புறங்கையில் கருப்பட்டி நிறம், விரல் கணுக்களில் புளியங்கொட்டை நிறம், மணிக்கட்டில் வளையல் உரசி உரசித் தேய்ந்த இடத்தில் தேன் நிறம், இத்தனையும் ஒரு கைக்குள் இருந்தது. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க," என்றாள் மசூதிடம். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும்.

மசூது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி வாசிப்பதும் அதை வாய்க்குள் மென்று பார்ப்பதுமாகச் சொன்னார். "கறுத்த தோலு கண்ணாடி மாதிரிங்கான். அதுமேல வெளிச்சத்தைக் கொண்டுபோய் எறியக்கூடாதாம். பெரிசா, வெள்ளையா, அமைதியா ஒண்ண அதுக்குப் பக்கவாட்டுல நிறுத்தணுமாம். தோலு அதைப் பாத்துக்கிட்டே இருந்து, தனக்கு வேணுங்கிறத எடுத்துக்கிடுமாம்."

"நான் பத்து வருஷமா எறிஞ்சுட்டு இருந்திருக்கேன்," என்றாள் பிரம்மசக்தி.

"இன்னும் இருக்கு, கேளு. பின்னால இருக்கிற சுவருக்குப் பாத்து வெளிச்ச அளவு வைக்காதே, முகத்துக்குப் பாத்து வையிங்கான். சுவரு எப்படியும் போகட்டுமாம்."

அன்றுமுதல் அவள் சாயங்காலம்தோறும் நூலகத்துக்கு வந்தாள். மசூது வாசிப்பார், அவள் முப்புடாதியைச் சன்னலுக்குப் பக்கத்தில், கதவுக்குப் பக்கத்தில், சுண்ணாம்புச் சுவருக்குப் பக்கத்தில் என்று நிறுத்தி எடுத்துப் பார்ப்பாள், தப்பினால் மறுபடி வாசிக்கச் சொல்வாள். எதை எங்கே நிறுத்துவது என்று பேசிய அந்த இடம் நிறுத்துகிற புத்தகத்தையும், போலீஸ்காரர் டூட்டி முடிந்து போனதும் சன்னலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எது எதற்காக நகர்கிறது என்று கவனிப்பாள். பஜ்ஜி சாப்பிடுகிறவர்களும் முழங்கால் வலிக்காரர்களும், அந்தப் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனி முடியப்போகிறது, வேன் வரப்போகிறது என்றதும், எந்த மூன்று என்ற பேச்சு ஊரில் சூடு பிடித்தது. ஒரு மாலை எல்லோரும் வாசிப்பறையில் கூடிவிட்டார்கள். பாலைவனம் இல்லாவிட்டால் நூலகத்து வாசலில் படுத்துக்கொள்வேன் என்றாள் சண்முகத்தாய். ஆட்டோக்காரர்கள் இடம் நிறுத்துகிற புத்தகம் என்றார்கள். பூக்காரி பனிமலையைக் கேட்டாள், அவளுக்கு ஆதரவாக ஒருவரும் எழவில்லை. வெள்ளை அட்டைப் புத்தகம் என்று ஒருவர் சொல்லிமுடிப்பதற்குள் அறை முழுக்க ஆமாம் ஆமாம் என்றது.

"எனக்கு அந்தக் கறுப்பு அட்டைதான் வேணும்," என்றாள் பிரம்மசக்தி.

"வெளிச்சம் படிக்கத்தான புத்தகம்?" என்றாள் ரோஸ்லின். "ஊருக்கே வெளிச்சம் வந்திருக்கு, நீங்க இருட்டைக் கட்டிக்கிட்டு அழுதீயளேக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். பிரம்மசக்திக்கு நெஞ்சு நிறையச் சொல்ல இருந்தது. வாயில் ஒன்றும் வரவில்லை. வேன் வருகிற அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று மசூது விளக்கை அணைத்துக் கூட்டத்தைக் கலைத்தார்.

அந்த இடைவெளியில்தான் பூங்கனியைப் பெண் பார்க்க வந்தார்கள். பூங்கனி அரசாங்க ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். தினமும் நூறு பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள், நறுக்கென்று பேசுவாள். மாப்பிள்ளையின் அம்மா வடிவம்மாள் பக்கத்து ஊர்க்காரி. நல்ல ஆகிருதி, கறுத்த முகத்தில் கழுத்துவரை பவுடர். நூலகத்தில் வைத்துத்தான் பார்ப்போம், அந்தப் பால் வெளிச்சத்தில்தான் பார்ப்போம் என்று சொல்லியனுப்பியிருந்தாள். கனகமணி வேண்டாம் என்று சண்டை போட்டாள், அம்மா கையைப் பிடித்துக் கெஞ்சினாள், கடைசியில் எல்லோருமாகக் குடை பிடித்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார்கள். படம் எடுப்பதற்குப் பிரம்மசக்தியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

மசூது வெள்ளை அட்டைப் புத்தகத்தைத் திறந்தார். பால் வெளிச்சம் நிறைந்தது. வடிவம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அம்மா, அக்கா, தங்கை, சித்தி, அத்தை, அத்தனை பேரும் ஒரே பிசைந்த மாவிலிருந்து உருட்டியெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவள் நேராகக் கனகமணியிடம் போய்த் தாடையைப் பிடித்து, "மகாலச்சுமி மாதிரி இருக்கியே தாயி, உன் பேரு என்ன?" என்றாள்.

"நான் மூத்தவ. எனக்குக் கல்யாணம் ஆயிட்டு," என்றாள் கனகமணி.

வடிவம்மாள் அடுத்து சித்தியின் தாடையைப் பிடித்தாள். யாரோ பின்னால் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பூங்கனி எழுந்தாள்.

"அத்த, நான்தான் பொண்ணு. இதுல நாம எல்லாரும் ஒண்ணுபோலத்தான் இருக்கோம். நாளைக்கு உங்க வீட்டு அடுப்பங்கரையில என்னப் பாத்து நீ ஆருட்டின்னு கேக்கப்படாது." மசூதைத் திரும்பிப் பார்த்தாள். "சார், இத மூடுங்க. அந்த இருட்டுப் புத்தகத்தைத் தொறங்க."

பூங்கனியின் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். மசூது, நீயே திற என்பதுபோலப் பிரம்மசக்தியைப் பார்த்தார். இந்தச் சம்பந்தம் இன்றைக்கு முறிந்தால் தன் தலையில்தான் விடியும், ஊர் அதை மறக்காது, கனகமணியின் அம்மா சாகும்வரை முகத்தில் விழிக்கமாட்டாள் என்று தெரிந்தும், அவள் கறுப்பு அட்டையைத் திறந்து, வாசலில் சாய்ந்து நிற்கிற கர்ப்பிணியின் படமிருந்த பக்கத்தை விரித்துவைத்தாள். நிழல் மெதுவாக வந்து அறையை நிரப்பியது. பூங்கனியைத் தோளைப் பிடித்து லேசாகத் திருப்பி, நாடியைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்தச் சிறு வெளிச்சம் நெற்றியில் தொடங்கிக் கன்னத்தில் இறங்கும்படி நிறுத்தினாள்.

பூங்கனி அப்படியே பூங்கனியாக நின்றாள். கன்னமேட்டில் தாமிரம் மாதிரி ஒரு ஒளி, கண்ணுக்குக் கீழே வேலைக்களைப்பின் நிழல், உதட்டோரத்தில் இப்போது சிரிக்கவா வேண்டாமா என்று காத்திருக்கிற ஒரு குறும்பு. பிரம்மசக்தி சுவரைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து அளவு வைத்து, எடுத்தாள். கேமராவின் பின்பக்கத்தில் படத்தை வடிவம்மாளிடம் காட்டினாள்.

வடிவம்மாள் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் சேலைத் தலைப்பை எடுத்து, கிளாஸில் இருந்த தண்ணீரில் நனைத்து, தன் முகத்தில் இருந்த பவுடரை அழுத்தித் துடைத்தாள்.

"எனக்கு ஒண்ணு எடு," என்றாள்.

"உங்களுக்கா அத்த?"

"எனக்குத்தான். என் கல்யாணத்துல போட்டோக்காரன் பவுடரைக் கொட்டி நிறுத்தினான். அதுவும் பத்தாதுன்னு பிறகு நெகட்டிவ்ல பென்சிலை வச்சுத் தேய்ச்சு வெள்ளையாக்கிட்டான். இத்தன வருசமா எங்க வீட்டுச் சுவத்துல எங்க வீட்டுக்காரரு பக்கத்துல ஆரோ ஒருத்தி நிக்கா. அவளுக்கு நான் தினம் தூசி தொடைக்கேன்."

சிரிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை, அறையே குலுங்கியது. வடிவம்மாளும் சிரித்தாள், சிரிக்கும்போதே அவள் கண் நிறைந்தது. பிரம்மசக்தி அவளைக் கதவின் பக்கம் உட்காரவைத்து எடுத்தாள். படத்தைப் பார்த்த வடிவம்மாள், "எங்க அம்மை மாதிரி இருக்கேன்," என்று மட்டும் சொன்னாள். ஓரமாக நின்ற மாப்பிள்ளை, எந்த வெளிச்சமும் தேவைப்படாதவனைப்போலப் பூங்கனியையே பார்த்தபடி, பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, தின்ன மறந்து நின்றான். தாம்பூலம் அங்கேயே மாற்றினார்கள். தட்டு இல்லாததால் ஒரு தடித்த அகராதியின் மேல் வெற்றிலையை வைத்து மாற்றினார்கள்.

மறுநாள் காலை நூலகம் திறக்கும் முன்பே இருட்டுப் புத்தகத்துக்கு வரிசை நின்றது. ரோஸ்லின்கூட வந்தாள். "முகத்துல எது மேடு எது பள்ளம்னு இதுலதான் தெரியுதுக்கா. பொட்டை இத்தன நாளும் தப்பான இடத்துல வச்சிருக்கேன்," என்றாள். எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மகளை இன்னும் கரையேற்றாத இரண்டு மூன்று வீட்டார், வேன் வந்த அன்று வெள்ளை அட்டைப் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு விடமாட்டோம் என்று நின்றார்கள். இந்த முறை பிரம்மசக்திக்குப் பேச்சு வந்தது.

"மைனி, அது நல்ல புத்தகம்தான். ஆனா அதுல நாம படிக்க ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் அதுவே செஞ்சிருது. மூடினா நம்ம கையில ஒண்ணும் மிஞ்சாது. இந்தக் கறுப்பு அட்டையில, இடம் நிறுத்துற புத்தகத்துல படிச்சது மூடின பிறகும் நம்மகிட்ட இருக்கும்."

"அப்ப அந்தப் பாலைவனம்? அதுல என்ன படிக்கப்போற?"

"அதுல எனக்கு ஒண்ணுமில்ல. அப்பளம் காயணும்லா."

வெள்ளை அட்டையின் மேலிருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. பாலைவனமும் இடம் நிறுத்துகிற புத்தகமும் கறுப்பு அட்டையும் தங்கின. மற்றவை எல்லாம் வேனில் ஏறின. பூக்காரி பனிமலைப் புத்தகத்தின் மேல் ஒரு முழம் பிச்சி வைத்து அனுப்பினாள். டிரைவர் அவசரத்தில் பெட்டிகளைச் சரியாக மூடாமல் கிளம்பியதால், வேன் போன வழியெல்லாம் ஊருக்கொரு அதிசயம் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்: ஒரு வளைவில் பனைமரங்கள் பளிங்குத் தூண்களாக நின்றனவாம், அடுத்த ஊரில் ஆட்டுக்கிடை முழுக்க வெள்ளை வெளேர் என்று ஆகி இடையர் தன் ஆடு எது பிறர் ஆடு எது என்று தெரியாமல் தவித்தாராம், செக்போஸ்டில் பனி விழுந்து டீக்கடையில் பால் தீர்ந்துபோயிற்றாம்.

ஆவணியில் கல்யாணம் வந்தது, சாரல் விட்டபாடில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பிரம்மசக்தி கறுப்பு அட்டைப் புத்தகத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். விதி இடம் தரவில்லை என்று மசூது அழாத குறையாகச் சொன்னார். முப்புடாதிக்கு வியர்த்துவிட்டது. "புத்தகம் இல்லாம எப்படிட்டி?" என்றான். "வீட்டுல இருக்கிற வெள்ள வேட்டி எல்லாத்தையும் எடுத்து வேன்ல போடுங்க," என்றாள்.

மண்டபத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். மேடையில் கலர் பல்புகள், கூடத்தில் டியூப்லைட், ஒன்றும் சரிப்படவில்லை. சமையற்கட்டை ஒட்டி முற்றத்தைப் பார்த்து ஒரு அகலமான கதவு இருந்தது. அதைத் திறந்தாள். மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம், பெரிசாக, அமைதியாக உள்ளே வந்தது. முற்றத்துக் கொடியில் வேட்டிகளை வரிசையாகக் கட்டச் சொன்னாள், எதிர்ப்பக்கம் நின்றிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகளை அகற்றச் சொன்னாள், நிழல் வேண்டிய பக்கம் நிழலை இருக்கவிட்டாள். தாலி ஏறிய கையோடு பூங்கனியை அங்கே கூட்டிவந்து நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்து, திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கேமராவைக் கனகமணியின் கையில் கொடுத்தாள். கனகமணி படத்தைப் பார்த்தாள், கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குள் போனாள். போனவள் அம்மாவையும் சித்தியையும் அத்தைகளையும் இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தி, கடைசியில் தானும் நின்றுகொண்டாள்.

வடிவம்மாள் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, தன் ஊர்ப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்களுக்குப் பின்னால் அவர்களின் புருஷன்மார், அவர்களுக்குப் பின்னால் நாதஸ்வரக்காரர்கள், சண்முகத்தாய், ரோஸ்லின், தொப்பியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போலீஸ்காரர், கல்யாணத்துக்கு வந்த மசூது என்று வரிசை கூடத்தைச் சுற்றி வளைந்து வாசலுக்குப் போயிற்று. பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்தாகிவிட்டது. உட்கார ஆள் இல்லை. "சோறு ஆறுது, வாங்க, சோறு ஆறுது," என்று சமையல்காரர் சுப்பாண்டி கரண்டியால் அண்டாவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. கோபத்தோடு கதவுப் பக்கம் வந்தவர் அங்கே நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கரண்டியைக் கீழே வைத்தார், கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"என்னையும் ஒண்ணு பிடிம்மா. வேட்டியில சாம்பார் பட்டிருக்கு, அது தெரியாம."

"அது இருக்கட்டும்ணே," என்றாள் பிரம்மசக்தி. "கொஞ்சம் கதவுப் பக்கம் திரும்புங்க."